வால்வு பிரீஅம்புக்கு எவ்வளவு கெயின் போதும்?

பாட்டு வரும் கருவிக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் அம்புக்கும் இடையில் நிற்கும் வால்வு பிரீஅம்ப் ஒன்றைப் புதிதாக வாங்கிப் பூட்டியவர்களிடமிருந்து மூன்று முறைப்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வொல்யூம் குமிழைச் சற்று அசைத்தாலே பாட்டு வீட்டை நிறைத்துவிடுகிறது, அதற்கு மேல் திருப்ப வழியில்லை. பாட்டு ஓய்ந்த இடைவெளியில் ஸ்பீக்கரிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று சீறல் கேட்கிறது. இரவில் சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் பாடகரின் குரல் நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. வால்வு பழுது, வயர் சரியில்லை, கரண்ட் சுத்தமில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அந்த வீட்டுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு கெயின், அதாவது பெருக்கும் திறன், உள்ள பிரீஅம்ப் வந்து சேர்ந்திருக்கிறது.

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இந்தக் கருவிகள் பல வழிகளில் வந்து சேர்கின்றன. சுவிஸில் இருக்கும் அண்ணன் விடுமுறையில் கொண்டுவந்து தருகிறார், கொழும்பில் பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, இணையத்தில் எடுப்பித்தது தபாலில் வருகிறது. கருவி வந்துவிடுகிறது, அது நம் பவர் அம்புக்குப் பொருந்துமா என்ற கணக்கு அதனுடன் வருவதில்லை. இத்தனைக்கும் அது பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே தெரிந்தால் போட்டுவிடக்கூடிய கணக்கு. அதைப் போட்டுப் பார்க்காமல் வால்வை மாற்றுவதிலும் விலை கூடிய வயர் வாங்குவதிலும் காசைக் கரைப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காகவே.

உள்ளே போகும் வோல்ட்டுக்கும் வெளியே வரும் வோல்ட்டுக்கும் உள்ள விகிதமே கெயின். உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்தவர்கள் இதை நயம் என்று படித்திருப்பார்கள். 0.1 வோல்ட் போய் 2 வோல்ட் வந்தால் கெயின் 20 மடங்கு. ஆனால் கருவியோடு வரும் கைநூலில் பெரும்பாலும் மடங்கு இருக்காது, டெசிபெல்தான் இருக்கும். அதற்கு இரண்டே எண்களை நினைவில் வைத்தால் போதும்: வோல்ட் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல், பத்து மடங்கானால் 20 டெசிபெல். மடங்குகளைப் பெருக்க வேண்டிய இடத்தில் டெசிபெல்லைக் கூட்டிக்கொள்ளலாம். 20 மடங்கு என்பது பத்தின் இரண்டு மடங்கு, ஆகவே 26 டெசிபெல். 40 மடங்குக்கு இன்னொரு 6 கூட்டினால் 32. ஐந்து மடங்கு என்பது பத்தில் பாதி, ஆகவே 20இலிருந்து 6 கழித்து 14.

கெயின் கூடினால் சக்தியும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். 50 வாட் பவர் அம்புக்கு முன்னால் எந்தப் பிரீஅம்பை வைத்தாலும் அது 50 வாட்தான். கெயின் கூடிய பிரீஅம்ப், குமிழைக் குறைவாகத் திருப்பியே அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். வேறு எதுவும் நடப்பதில்லை. விற்பவர் குமிழைக் கால்வாசி திருப்பி அறையை அதிரவைத்து ‘பாருங்கள், எவ்வளவு பலம்’ என்று காட்டினால், அவர் காட்டுவது அந்தக் கருவி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போகக்கூடிய காரணத்தை.

பாட்டு வரும் கருவி, பிரீஅம்ப், பவர் அம்ப் என்ற மூன்றின் எண்களும் கையில் இருக்க வேண்டும்.

சிடி பிளேயர்கள் 1982இல் சந்தைக்கு வந்தன. முழு அளவில் 2 வோல்ட் தருவது அவற்றின் வழக்கமாயிற்று. கணினியுடனோ தொலைக்காட்சியுடனோ இணைத்து இலக்க ஒலியை மின் அலையாக மாற்றும் இன்றைய டாக் கருவிகளில் பெரும்பாலானவையும் அதே 2 வோல்ட்டைத்தான் தருகின்றன. கைத்தொலைபேசியின் ஹெட்போன் துளையில், ஒலியளவை முழுதாக வைத்தால், ஏறத்தாழ அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை கிடைக்கும். பழைய கெசட் டெக், எஃப்எம் டியூனர் போன்றவை 0.3 முதல் 0.5 வோல்ட் அளவில் நின்றன. இசைத்தட்டுச் சுழலியின் ஊசி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதற்குத் தனியாக ஒரு போனோ பிரீஅம்ப் வேண்டும், இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

மறுமுனையில் பவர் அம்ப் இருக்கிறது. முழுச் சக்தியைத் தர அதன் வாயிலுக்கு, அதாவது உள்ளீட்டுக்கு, எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதே அதன் உணர்திறன். வீட்டுக் கருவிகளில் இது அரை வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் இடையில்தான் பெரும்பாலும் இருக்கும். கைநூலில் உணர்திறன் இல்லாமல் கெயின் மட்டும் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தர வேண்டுமானால் 50ஐ 8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 400இன் வர்க்கமூலம் 20 வோல்ட். அம்பின் கெயின் 26 டெசிபெல், அதாவது 20 மடங்கு என்றால், வாயிலுக்கு 1 வோல்ட் வந்தால் போதும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது, பவர் அம்ப் 1 வோல்ட் கேட்கிறது. இடையில் பெருக்கவே தேவையில்லை, பாதியாகக் குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது. முதன்முதலில் இதைக் கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள். ஆனால் இன்றைய வீடுகளில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். பிறகு ஏன் பிரீஅம்புகளில் இவ்வளவு கெயின்? டியூனரும் டேப்பும் கால் வோல்ட், அரை வோல்ட் தந்துகொண்டிருந்த காலத்துத் தேவைக்கு வரையப்பட்ட சுற்றுகள் அப்படியே தொடர்கின்றன. அந்தக் காலத்தில் பத்து மடங்கு கெயின் நியாயமான தேவையாக இருந்தது.

அப்படியென்றால் பிரீஅம்பே வேண்டாமா என்றால், வேண்டும். பல கருவிகளில் ஒன்றைத் தெரிவு செய்வது, ஒலியளவைக் கட்டுப்படுத்துவது, நீண்ட வயரையும் பவர் அம்பையும் தடுமாறாமல் ஓட்டுவது ஆகிய வேலைகள் அதற்கு இருக்கின்றன. வால்வு சேர்க்கும் நிறத்துக்காகவும் பலர் அதை விரும்புகிறார்கள், நானும்தான். கேள்வி எவ்வளவு கெயின் என்பது மட்டுமே.

எந்த வால்வு இருக்கிறது என்று பார்த்தாலே ஓரளவு ஊகிக்கலாம். ஒவ்வொரு டிரையோடு வால்வுக்கும் ‘மியூ’ என்று ஒரு எண் உண்டு. அந்த வால்வால் அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்க முடியும் என்பதை அது சொல்கிறது. 12ஏஎக்ஸ்7க்கு அது 100. ஐரோப்பியப் பெட்டியில் ஈசீசீ83 என்று எழுதியிருந்தாலும் அதே வால்வுதான். 12ஏடீ7க்கு 60. 12ஏயூ7, 6எஸ்என்7 இரண்டுக்கும் ஏறத்தாழ 20. 6டீஜே8க்கு 33. சுற்றில் பூட்டிய பிறகு கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும்: 12ஏஎக்ஸ்7இல் 60 மடங்கு, 12ஏயூ7இல் 14 மடங்கு என்ற அளவில் எதிர்பார்க்கலாம். வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளே திருப்பிக் கொடுக்கும் பின்னூட்டம் உள்ள சுற்றானால் வால்வைவிட அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களே கெயினைத் தீர்மானிக்கும். எப்படிப் பார்த்தாலும், இருப்பவற்றில் சாதுவான 12ஏயூ7இன் 14 மடங்குகூட மேலே பார்த்த வீட்டுக்கு மிக அதிகம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு எண்களை ஓடவிட்டுப் பார்ப்போம். களுவாஞ்சிக்குடியில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் இருக்கிறார். வடமோடிக் கூத்துகளின் பழைய பதிவுகளைச் சேர்த்துவைத்துக் கேட்பது அவர் வழக்கம். அவரிடம் 2 வோல்ட் தரும் சிடி பிளேயர், 20 மடங்கு கெயின் உள்ள வால்வு பிரீஅம்ப், 1 வோல்ட்டில் முழுச் சக்தி தரும் 50 வாட் பவர் அம்ப், 89 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர்கள். “மகன், குமிழை இதற்கு மேல் தொட்டால் அயல்வீட்டார் எழுந்து வந்துவிடுவார்கள்” என்றார். குமிழ் அப்போது எட்டு மணி நிலையில் இருந்தது. ஏழு மணி அதன் தொடக்கம்.

சிடியின் 2 வோல்ட்டை 20ஆல் பெருக்கினால் 40 வோல்ட். பவர் அம்புக்கு வேண்டியது 1. நாற்பது மடங்கு மிகை, அதாவது 32 டெசிபெல். இவ்வளவையும் அந்தச் சிறு குமிழ்தான் விழுங்க வேண்டும். இதுவும் முழுச் சக்திக்கான கணக்கு. வீட்டில் யாரும் 50 வாட்டில் கேட்பதில்லை. மாலையில் அமைதியாகக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது பத்தில் ஒரு வாட் என்று வைத்தால், அது 8 ஓமில் 0.9 வோல்ட்டுக்கு அருகில். பவர் அம்பின் 20 மடங்கால் வகுத்தால் அதன் வாயிலில் வெறும் 45 மில்லிவோல்ட். பாட்டின் சராசரி மட்டமும் 2 வோல்ட் இல்லை. உச்சங்கள்தான் அதைத் தொடும். சராசரி அதில் பத்தில் ஒன்று, 0.2 வோல்ட் என்று கொள்வோம். 20ஆல் பெருக்கினால் 4 வோல்ட். 4 வோல்ட்டை 45 மில்லிவோல்ட்டாக்க வேண்டும் என்றால் குமிழ் 39 டெசிபெல் குறைக்க வேண்டும்.

வொல்யூம் குமிழின் உள்ளே ஒரு கரித்தடம் இருக்கிறது. நம் காதுக்கு ஏற்றபடி தொடக்கத்தில் மெல்லவும் பின்னர் வேகமாகவும் கூடும்படி அது அமைக்கப்பட்டிருக்கும். நட்டநடுவில், பன்னிரண்டு மணியில், அது பெரும்பாலும் 16 முதல் 20 டெசிபெல் வரை குறைக்கும். 39 டெசிபெல் என்றால் தடத்தின் அடிமட்டம். அங்கே ஒரு மயிரிழை திருப்பினாலும் சத்தம் தாவும். ஸ்டீரியோக் குமிழில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனித் தடம் உண்டு. தடத்தின் நடுப்பகுதியில் இரண்டும் ஒத்துப்போகும். அடிமட்டத்தில் ஒத்துப்போவது அரிது. கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் சாய்வது இதனால்தான். அவர் வீட்டில் அது வலப்பக்கம் சாய்ந்தது. குமிழைப் பத்து மணிக்குத் திருப்பியபோது குரல் நேராக நடுவுக்கு வந்தது, ஆனால் அந்தச் சத்தத்தில் அறைக்குள் இருக்க முடியவில்லை.

சீறலுக்கு வருவோம். பெரும்பாலான வால்வு பிரீஅம்புகளில் குமிழ் வால்வுக்கு முன்னால் இருக்கிறது. குமிழைக் குறைத்தால் பாட்டு குறையும், வால்வு தானாக எழுப்பும் இரைச்சல் குறையாது. அது நேராக வெளியே போய்ப் பவர் அம்பில் மேலும் பெருகும். எண்ணாகப் பார்ப்போம். பிரீஅம்பின் வெளியீட்டில் 0.2 மில்லிவோல்ட் இரைச்சல் என்று வைத்துக்கொண்டால், பவர் அம்பின் 20 மடங்கில் அது ஸ்பீக்கரில் 4 மில்லிவோல்ட். 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 89 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் இது. 4 மில்லிவோல்ட் அதைவிட 57 டெசிபெல் குறைவு. ஆக 32 டெசிபெல்லில் ஒரு சீறல். சித்திரை வெயிலில் மின்விசிறி சுழலும்போது அது காதில் விழாது. மார்கழி மழை ஓய்ந்த இரவில், விசிறியும் நிறுத்தியிருக்கும்போது, தெளிவாகக் கேட்கும். உணர்திறன் கூடிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். 96 டெசிபெல் ஸ்பீக்கரில் அதே இரைச்சல் 7 டெசிபெல் கூடி வரும்.

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவி நீரில் வைத்து மறு முனையைக் காதில் வைப்பார்கள். மீனை உரக்கப் பாடவைக்க முடியாது, காதுக்கும் அதற்கும் இடையிலான இரைச்சலைத்தான் விலக்க முடியும். மெல்லிய ஒலிகளைக் கேட்க விரும்புகிறவர் வீட்டுக் கருவியிலும் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும்.

மிகையான கெயினை எங்கே குறைப்பது என்பதில் பலர் இடறுகிறார்கள். மூன்று இடங்கள் இருக்கின்றன.

சிடி பிளேயருக்கும் பிரீஅம்புக்கும் இடையில் குறைத்தால் குமிழுக்கு இடம் கிடைக்கும். ஆனால் வால்வின் இரைச்சலும் அதன் கெயினும் அப்படியே இருக்கும். ஒரே பிரீஅம்பில் 2 வோல்ட் சிடியும் 0.3 வோல்ட் டியூனரும் இருந்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது சத்தம் தூக்கிப்போடுகிறது என்றால் இந்த இடம் சரி. அவற்றுக்கிடையே ஏறத்தாழ 16 டெசிபெல் வித்தியாசம் இருக்கிறது. சிடியின் வழியில் மட்டும் 12 டெசிபெல் அளவில் குறைத்தால் தொல்லை தீரும். சீறல்தான் பிரச்சினை என்றால் இதனால் பயனில்லை.

பிரீஅம்புக்கும் பவர் அம்புக்கும் இடையில் குறைத்தால் பாட்டும் வால்வின் இரைச்சலும் சேர்ந்து குறையும். பாட்டைக் குமிழால் மீட்டுக்கொள்ளலாம். இரைச்சல் குறைந்தது குறைந்ததுதான். அதிபரின் வீட்டில் 14 டெசிபெல் குறைத்தால், 32 டெசிபெல் சீறல் 18க்கு இறங்கும். அமைதியான அறையிலும் அது காதுக்கு எட்டாது. குமிழ் 39க்குப் பதிலாக 25 டெசிபெல்தான் குறைக்க வேண்டும். எட்டு மணியிலிருந்து பத்து, பத்தரைக்கு நகரும். இரண்டு தடங்களும் அங்கே ஒத்துப்போகும். ஒரே மாற்றத்தில் மூன்று முறைப்பாடுகளும் தீர்கின்றன. எனவே முதலில் பார்க்க வேண்டிய இடம் இது என்பது என் உறுதியான கருத்து.

வால்வின் நிறத்தை விரும்புகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. வால்வு சேர்க்கும் இரண்டாம் ஒத்திசை, அதாவது மூல ஒலியின் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் வரும் ஒலி, அதன் வெளியீடு எவ்வளவு வீசுகிறதோ அதற்கேற்பக் கூடும். 45 மில்லிவோல்ட் மட்டும் வீசும் வால்வு ஏறத்தாழ எதையும் சேர்ப்பதில்லை. பின்னால் ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் அதே சத்தத்துக்கு வால்வு ஐந்து மடங்கு வீச வேண்டியிருக்கும். அது தரும் நிறம் என்னவோ, அது அப்போது கூடுதலாக வெளிவரும். கெயின் கூடினால் வால்வின் சுவை கூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது இடம் பவர் அம்பின் முகப்பு. மேடை வேலைக்குச் செய்யப்பட்ட அம்புகளில் பெரும்பாலானவற்றில் அங்கே குமிழ்கள் இருக்கும். அவற்றைக் குறைத்தால் மேலே சொன்ன பயன் காசில்லாமல் கிடைக்கும். ஒலிபெருக்கிக் கடைக்காரர்களிடமிருந்து பழைய அம்ப் வாங்கியவர்கள் முதலில் இதைத் திருப்பிப் பார்க்கட்டும்.

குமிழ் இல்லாத பவர் அம்புக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர்கள் போதும். நான் செய்துகொடுக்கும் அளவு 33 கிலோ ஓம், 10 கிலோ ஓம். கால் வாட், ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் வகை. 33 கிலோ ஓமில் செம்மஞ்சள், செம்மஞ்சள், கறுப்பு, சிவப்பு, மண்ணிறம் என்று ஐந்து வளையங்கள். 10 கிலோ ஓமில் மண்ணிறம், கறுப்பு, கறுப்பு, சிவப்பு, மண்ணிறம். பிரீஅம்பிலிருந்து வரும் நடு வயரை 33இன் ஒரு காலில் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். அதன் மறு கால் பவர் அம்புக்குப் போகும் நடு முனைக்கு. அந்த நடு முனையிலிருந்து வெளி உறைக்கு, அதாவது எர்த் பக்கத்துக்கு, 10. இதை ஒரு சிறிய உலோகப் பெட்டிக்குள் அடக்கி, பவர் அம்பின் பக்கத்திலேயே குட்டையான வயரோடு வைக்க வேண்டும். பவர் அம்பின் உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம் என்றால், அது 10உடன் சமாந்தரமாகச் சேர்ந்து 8.25 ஆகும். அதனுடன் 33ஐக் கூட்டினால் 41.25. 8.25ஐ 41.25ஆல் வகுத்தால் சரியாக ஐந்தில் ஒன்று, 14 டெசிபெல். உள்ளீட்டுத் தடை 10 கிலோ ஓம் மட்டுமே உள்ள அம்பானால் அதே ரெசிஸ்டர்கள் 17 அல்லது 18 டெசிபெல் குறைக்கும். மல்டிமீட்டரால் அளந்து இடதுக்கும் வலதுக்கும் ஒத்த சோடிகளைத் தெரிந்தெடுங்கள். இத்தனை பாடுபட்டுக் குரலை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு ரெசிஸ்டரின் வித்தியாசத்தில் அதை இழக்கக் கூடாது.

கருவியின் பின்னால் ஒலி வயரைச் செருகும் ஆர்சிஏ சொக்கெட்டில் நேரே செருகும் ஆயத்தக் குறைப்பான்களும் 6, 10, 12 டெசிபெல் என்று விற்பனைக்கு உண்டு. வாங்கும்போது மொத்தத் தடை எவ்வளவு என்று கேளுங்கள். 10 கிலோ ஓம் அளவில் இருந்தால் பல வால்வு பிரீஅம்புகளுக்கு அது பாரம். காரணம், வால்வு பிரீஅம்பின் வெளியீட்டில் ஒரு கண்டென்சர் இருக்கிறது. அதுவும் அதற்கு அடுத்து வரும் தடையும் சேர்ந்து, குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலியைத் தடுக்கும். கண்டென்சர் 0.47 மைக்ரோபரட், தடை 47 கிலோ ஓம் என்றால் அந்த எல்லை 7 ஹேட்ஸ். காதுக்கு எட்டாத ஆழம். தடை 10 கிலோ ஓமாக இறங்கினால் எல்லை 34 ஹேட்ஸுக்கு ஏறிவிடும். அடிநாதம் மெலியத் தொடங்கும், ‘குறைப்பான் போட்டதால் உயிர் போய்விட்டது’ என்று குறை சொல்வார்கள். உண்மையில் போனது உயிரும் இல்லை, வேறு மாயமும் இல்லை. பாரம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

வெளியீட்டுத் தடையும் இதே கதைதான். வெளியே போகும் வழியில் கெதோடு பின்தொடரி, அதாவது பெருக்காமல் ஓட்டும் வேலையை மட்டும் செய்யும் வால்வு, உள்ள பிரீஅம்பின் வெளியீட்டுத் தடை சில நூறு ஓம் முதல் ஒரு கிலோ ஓம் அளவில் இருக்கும், எதையும் ஓட்டும். 12ஏஎக்ஸ்7இன் பிளேட் என்ற வெளியீட்டு முனையிலிருந்து நேரே வெளியே எடுத்த மலிவான சுற்றில் அது 38 கிலோ ஓம் வரை போகும். அதை 41 கிலோ ஓம் குறைப்பானில் பூட்டினால் பாதி வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். பவர் அம்பும் குறைப்பானும் சேர்ந்து காட்டும் தடை, பிரீஅம்பின் வெளியீட்டுத் தடையைப் போல் குறைந்தது பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது நம்பத்தகுந்த விதி.

வால்வை மாற்றிக் கெயினைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். 12ஏஎக்ஸ்7 இருக்கும் சொக்கெட்டில் 12ஏடீ7உம் 12ஏயூ7உம் பொருந்தும், ஹீட்டர் வோல்ட்டும் ஒன்றே. ஆனால் சுற்று 12ஏஎக்ஸ்7க்காகக் கணக்கிடப்பட்டது. வேறு வால்வைச் செருகினால் ஓடும் மின்னோட்டம் மாறும், பிளேட்டில் நிற்கும் வோல்ட் மாறும், சில வேளை ஒலி சிதையும். பின்னூட்டச் சுற்றானால் கெயின் அவ்வளவாகக் குறையவும் மாட்டாது. 5751 என்ற வால்வு 12ஏஎக்ஸ்7க்கு மிக நெருங்கிய உறவு, பெரும்பாலான சுற்றுகளில் அச்சமின்றிச் செருகலாம். ஆனால் அதன் மியூ 70. கிடைக்கும் குறைப்பு 3 டெசிபெல் மட்டுமே. நமக்கு வேண்டியது 14 அல்லது 20. 6டீஜே8ஐ மட்டும் ஒருபோதும் 12ஏஎக்ஸ்7இன் சொக்கெட்டில் செருகாதீர்கள். ஒன்பது கால்கள் ஒத்திருந்தாலும் ஹீட்டர் இணைப்பு வேறு, தாங்கும் வோல்ட்டும் குறைவு. தயாரித்தவரே அனுமதித்திருந்தால் தவிர வால்வு மாற்றத்தைக் கெயினுக்கான வழியாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

குமிழ் வால்வுக்குப் பின்னால் இருக்கும் பிரீஅம்புகளும் சில உண்டு. அவற்றில் வேறொரு இடர் வரும். சிடியின் 2 வோல்ட் என்பது அலையின் முகட்டில் 2.83 வோல்ட். பின்னூட்டம் இல்லாத சுற்றில், 1.5 வோல்ட் பயஸில், அதாவது வாசலில் நிலையாக நிற்கும் எதிர் வோல்ட்டில், ஓடும் 12ஏஎக்ஸ்7இன் வாசலில் அது நேரே வந்தால் வால்வு உச்சங்களை வெட்டும். குமிழை எவ்வளவு குறைத்தாலும் கரகரப்புப் போகாமல் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். இங்கே குறைப்பானைப் பிரீஅம்புக்கு முன்னால்தான் வைக்க வேண்டும்.

கெயின் போதாமல் போகும் வீடுகளும் இல்லாமல் இல்லை. அரை வோல்ட் கைத்தொலைபேசியை 2 வோல்ட் கேட்கும் பவர் அம்புடன் இணைத்தால் நான்கு மடங்கு, 12 டெசிபெல் குறைகிறது. பழைய கெசட்டிலிருந்து தாழ்ந்த மட்டத்தில் பிரதியெடுத்த கூத்துப் பதிவுகள், கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்கள் போன்றவற்றுக்கு அதற்கு மேலும் 10 டெசிபெல் வேண்டியிருக்கும். அங்கே 20 மடங்கு பிரீஅம்ப் தன் வேலையைச் சரியாகச் செய்யும். புதிதாக வாங்குகிறவர் என்னிடம் கேட்டால், 2 வோல்ட் கருவியும் 1 வோல்ட் பவர் அம்பும் உள்ள வீட்டுக்கு 6 முதல் 12 டெசிபெல் வரை கெயின் உள்ளதைப் பாருங்கள் என்பேன். தாழ்ந்த பதிவுகளுக்கும் கையிருப்பு இருக்கும், குமிழும் நடுவில் நிற்கும்.

கைநூல் இல்லாத கருவியா? அதன் கெயினை வீட்டிலேயே அளந்துவிடலாம். 100 ஹேட்ஸ் சைன் ஒலிக் கோப்பு ஒன்றைக் கைத்தொலைபேசியில் ஓடவிட்டுப் பிரீஅம்புக்குக் கொடுங்கள். பவர் அம்பைக் கழற்றிவிடுங்கள். குமிழை முழுதாகத் திருப்புங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, உள்ளே போகும் வயரின் நடு முனைக்கும் உறைக்கும் இடையில் அளந்து, 0.1 வோல்ட் வரும்வரை தொலைபேசியின் ஒலியளவைச் சரிசெய்யுங்கள். பிறகு வெளியீட்டில் அளவுங்கள். 2 வோல்ட் காட்டினால் கெயின் 20. சாதாரண மீட்டர்கள் 50 முதல் 400 ஹேட்ஸ் வரைதான் நம்பத்தகுந்தவை. அதனால்தான் 100 என்று சொன்னேன், 1000 வேண்டாம். இவ்வளவுக்கும் கருவியின் மூடியைத் திறக்கத் தேவையில்லை. உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் கண்டென்சர்களில் அது சில நேரம் தங்கி நிற்கும், உயிருக்கே ஆபத்து.

சீறல் எங்கிருந்து வருகிறது என்பதையும் குறைப்பான் வாங்கும் முன் உறுதிப்படுத்துங்கள். குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தும் சீறல் மாறாமல் நின்றால் அது குமிழுக்குப் பிந்தியது. பவர் அம்பை நிறுத்தி, பிரீஅம்பின் வயரைக் கழற்றி, பவர் அம்பின் வாயிலை, நடு முனையையும் உறையையும் இணைத்து ஷோர்ட் செய்த ஆர்சிஏ பிளக்கால் அடைத்து மீண்டும் போடுங்கள். சீறல் போய்விட்டால் பிரீஅம்பே காரணம், குறைப்பான் உதவும். போகவில்லை என்றால் பவர் அம்பைப் பார்க்க வேண்டும். கேட்பது சீறலாக இல்லாமல் 50 ஹேட்ஸ் உறுமலாக இருந்தால் அது பெரும்பாலும் எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்ந்ததால் வருவது. அதற்கு வைத்தியம் வேறு. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் நம் ஊரில் ஆர்சிஏ சொக்கெட்டுகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும், குமிழ்கள் கரகரக்கும். அவற்றைத் துடைத்துப் பார்க்காமல் வால்வைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

எந்தக் கெயினாக இருந்தாலும் பிரீஅம்பை முதலில் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பவர் அம்பைப் போடுங்கள். நிறுத்தும்போது பவர் அம்ப் முதலில். வால்வு சூடாகும்போது வெளியீட்டுக் கண்டென்சர் நிறையும். அந்த நேரத்தில் பவர் அம்ப் விழித்திருந்தால் ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று இடிக்கும். கரண்ட் போனால் உடனே எழுந்து பவர் அம்பின் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். திரும்பி வரும்போது எல்லாம் ஒன்றாக உயிர்பெற்று இடிப்பது ஸ்பீக்கருக்குக் கேடு.

குறைப்பானைப் பூட்டிய பின் உங்களிடம் இருப்பவற்றில் மிகத் தாழ்ந்த பதிவைப் போட்டுப் பாருங்கள். குமிழை மூன்று மணிக்குள் வைத்து வேண்டிய சத்தம் வந்தால் அளவு சரி. முழுதாகத் திருப்பியும் போதவில்லை என்றால் குறைத்தது அதிகம். 33க்குப் பதிலாக 18 கிலோ ஓம் போட்டால் 10 டெசிபெல் அளவுக்கு வந்துவிடும்.